மருது பாண்டியரின் 1801ஆம் ஆண்டுப் பிரகடனம்: வாசிப்பும் நிதானிப்பும்

வாலாஜாபாத்தில் திருப்பணி செய்கிறவனுக்கு ஊரின் பெயரே ஒரு வரலாற்றுப் பாடமாகும். பாலாற்றங்கரையில், காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே உள்ள இவ்வூர், ஆர்க்காட்டு நவாபாக இருந்து 1795ஆம் ஆண்டு மறைந்த முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது கிழக்கிந்தியக் கும்பெனியின் படைமுகாமாகவும் இருந்தது. நவாபின் பெயரும் கும்பெனியின் பாசறையும் ஒரே ஊரில் கூடியது தற்செயலன்று. 1763இல் நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பின்னர் அதனையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். 1780இல் கும்பெனி அதன் நிருவாகத்தை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கொடுத்தவர் குத்தகைதாரராகி, குத்தகையும் இழந்த கதை இது.

இந்தக் கதையின்மேல் தென்னாட்டார் ஒருவர் எழுத்தில் சாட்டிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 1801ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் வெளியிடப்பட்ட சின்ன மருதுவின் பிரகடனமே அது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அது வழங்குகிறது. அதன் முதற்குற்றச்சாட்டே நம் ஊர்ப்பெயருக்குரிய நவாபைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் இறையியல் மாணவர் சிலருக்கு இப்பிரகடனத்தை வாசித்துக் காட்டினேன். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த மாணவர் ஒருவர் முகம் மலர்ந்து, இது நம் நாட்டின் முதல் விடுதலைச் சாசனம் என்றார். செங்கற்பட்டுப் பக்கத்துச் சேரிச் சபையில் வளர்ந்த மற்றொரு மாணவர் நெடுநேரம் பேசாதிருந்து, “ஐயா, இந்த அழைப்பில் என் பாட்டனுக்கு இடம் உண்டா?” என்று கேட்டார். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் திருத்தி எழுதும் முயற்சியாகும்.

1. பிரகடனம் எழுந்த சூழல்

1772ஆம் ஆண்டு நவாபின் படையும் கும்பெனியின் படையும் சேர்ந்து காளையார்கோயிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அங்கே வீழ்ந்தார். அவருடைய அரசி வேலு நாச்சியார், மருது சகோதரரின் துணையோடு திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்குச் சென்று, மைசூர் ஐதர் அலியின் ஆதரவைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். மன்னரின் பணியாளராயிருந்த மருதிருவர் அதன்பின் சீமையின் நிருவாகத்தையும் படையையும் நடத்தினர். பட்டத்துக்குரியவர் வேறு, ஆளும் கை வேறு என்னும் நிலை உருவாயிற்று. பின்னாளில் கும்பெனி மருதிருவரை அரசுரிமையைக் கவர்ந்த பணியாளர் என்று தூற்றுவதற்கு இதுவே வாய்ப்பளித்தது.

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதம் அக்கோட்டை வீழ்ந்தது. அவர் மருதிருவரிடம் அடைக்கலம் புகுந்தார். அடைக்கலம் கொடுத்ததனால் சிவகங்கையும் போர்க்களமாயிற்று. இந்நிலையில்தான் திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கத்துப் பெரிய கோயில் மதிலிலும் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது.

2. நம் கையிலுள்ள பாடம்

வேதாகம நூலொன்றை விளக்கப் புகும்போது, முதலில் பாடத்தின் நிலையை ஆராய்கிறோம். இங்கும் அதுவே முறை. இப்பிரகடனம் நமக்குக் கிடைப்பது கும்பெனியின் ஆவணங்களில் பதிவான ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகும். 1971இல் வரலாற்றுப் பேராசிரியர் கே. இராஜய்யன் தென்னிந்தியக் கிளர்ச்சியைப்பற்றி எழுதிய நூல் அதனைப் பலர் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இன்று மேடைகளில் முழங்கும் தமிழ் வடிவம் அந்த ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழுக்கு வந்ததாகும். எனவே சின்ன மருதுவின் சொல்லைப் பகைவரின் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கேட்கிறோம் என்பதை மறத்தலாகாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். திருவரங்கத்தாருக்கென எழுதிய பகுதியில், முன்னாளைய அரசர்கள் கோட்டை கொத்தளங்களையும் கோயில்களையும் அமைத்துக் காத்தனர் என்ற கருத்து வருகிறது. அங்கே ஆங்கில மொழிபெயர்ப்பு கிறிஸ்தவ ஆலயங்களுக்குரிய சொற்களையே இட்டிருக்கிறது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மருது பாண்டியர் நம் ஆலயங்களையும் இப்பிரகடனத்தில் நினைத்தார் என்று ஒருவர் பிரசங்கித்தால், மொழிபெயர்ப்பாளரின் பழக்கச் சொல்லைப் பிரகடனத்தின் கருத்தாக மாற்றிய பிழைக்கு ஆளாவார். மருதிருவர் சருகணிக் கத்தோலிக்க ஆலயத்தை ஆதரித்தது சிவகங்கைச் சீமையில் நன்கு அறியப்பட்ட செய்தி. அதை அதற்குரிய இடத்தில் சொல்லலாம். இந்தப் பாடத்திலிருந்து அதை வருவித்தல் ஆகாது.

3. பிரகடனம் கூறுவன

அதன் கருத்தை ஐந்து கூறுகளாகத் தொகுக்கலாம்.

முதலாவது, குற்றச்சாட்டு. நவாபு முகம்மது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்து, இப்போது கைம்பெண் போலானார். ஐரோப்பியர் வாக்குத் தவறி நாட்டைத் தமதாக்கி, மக்களை நாய்களாக நடத்துகின்றனர். பிரகடனம் எழுந்தபோது முகம்மது அலி மறைந்து ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகன் உம்தத்-உல்-உமரா பட்டத்திலிருந்தார். ஆகவே அப்பெயர் நவாபுப் பரம்பரை முழுவதையும் குறித்து நிற்கிறது எனக் கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, தன்மீதே சுமத்திக்கொள்ளும் பழி. நம்மவரிடையே ஒற்றுமையும் நட்பும் இல்லை. ஒருவரை ஒருவர் தூற்றி, நாட்டை நாமே ஒப்படைத்துவிட்டோம். துன்பப்படுகிறோம், ஆனால் துன்பத்தின் காரணம் நமக்கு விளங்கவில்லை. இப்பகுதியே பிரகடனத்தின் மிக ஆழமான பகுதி என்பது என் எண்ணம். பகைவனைப் பழிக்கும் அறிக்கைகள் பல உண்டு. அடிமைத்தனத்தில் தன் மக்களுக்கும் பங்குண்டு என்று கூறும் அறிக்கைகள் அரிதே.

மூன்றாவது, தீர்வு. பரம்பரை உரிமைகள் உரியவருக்குத் திரும்பவேண்டும். நவாபுக்கு ஆர்க்காடு, திருமலை நாயக்கர் மரபினருக்குக் கருநாடகம், தஞ்சை அதன் பழைய அரசுக்கு, ஏனையவை அவரவருக்கு. தம் மன்னரைக் கொன்ற படையின் தலைவருக்கே அவருடைய நாட்டைத் திருப்பித் தருவோம் என்று சின்ன மருது கூறுவதைக் கவனிக்கவேண்டும். 1772இன் குருதியை 1801இல் அவர் தள்ளிவைக்கிறார். அது மன்னிப்பா, அரசியல் கணக்கா என்று பிரிப்பது எளிதன்று. ஆயினும் பழைய பகையைவிடப் பெரிய தேவையொன்றை அவர் கண்டார் என்பது தெளிவு.

நான்காவது, அழைப்பு. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள், மீசையுள்ளோர் யாவரும், கும்பெனிச் சேவகத்திலுள்ள சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் உட்பட, ஆயுதம் ஏந்தி எழவேண்டும். அப்போது ஏழை எளியவர் பிழைப்புப் பெறுவர்.

ஐந்தாவது, கட்டளையும் சாபமும். ஐரோப்பியரைக் கண்ட இடத்தில் அழிக்கவேண்டும். அவருக்கு ஊழியம் செய்வோருக்கு மறுமையில் பேரின்பம் இல்லை. பிரகடனத்தைப் படி எடுத்துப் பரப்பாதவரும், சுவரிலிருந்து கிழிப்பவரும் பெரும்பாவத்துக்கு உள்ளாவர்.

இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. தீர்வைக் கூறும் பகுதியில் ஐரோப்பியர் நவாபின் கீழ்ப் பணிசெய்து வாழ இடமிருக்கிறது. கட்டளைப் பகுதியில் அவர்களுக்கு உயிர்வாழவும் இடமில்லை. ஆலோசனையில் அமர்ந்து எழுதிய வாக்கியமும் போர்வெப்பத்தில் எழுதிய வாக்கியமும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது.

4. சாபங்களை எவ்விதம் வாசிப்பது?

பிரகடனத்தின் சாபங்களைக் கண்டு முகஞ்சுளித்து, இது நாகரிகமற்றவனின் எழுத்து என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் நம் நாட்டுக் கல்வெட்டுகளைப் படித்தறியாதவர்கள். தர்மத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் கவர்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது நம் கோயிற்சுவர்களில் நூற்றுக்கணக்கில் காணப்படும் வாய்பாடு. சின்ன மருதுவும் அதனையே எடுத்தாள்கிறார். முஸ்லிம்களுக்கு அவர்கள் சமயத்துக்கேற்ற வேறொரு சாபத்தை வைக்கிறார். அதாவது, நாட்டு விடுதலையைத் தர்மசாசனத்தின் நிலைக்கு உயர்த்துகிறார். மன்னன் கொடுத்த மானியத்தைக் காக்கும் காப்புமொழி, இங்கே மக்களின் நாட்டைக் காக்கும் காப்புமொழியாகிறது.

வேதாகம மாணவருக்கு இம்முறை புதிதன்று. உபாகமம் 27, 28ஆம் அதிகாரங்களின் சாபங்களை, பண்டைய உடன்படிக்கைகளின் அமைப்பை அறிந்தே விளக்குகிறோம். வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதியில், நூலின் சொற்களைக் கூட்டுவோருக்கும் குறைப்போருக்கும் எச்சரிப்பு உண்டு. இலக்கிய வகையை அறியாமல் அவற்றை வாசித்தல் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இப்பிரகடனத்தை அவ்வாறு வாசிப்பதும்.

ஆயினும் வாய்பாடு என்று கூறி எல்லாவற்றையும் மன்னித்துவிட இயலாது. இணங்காதவனின் மனைவி மக்களை இழிவுபடுத்தும் சாபமும் அதில் உண்டு. ஆடவரின் கோழைத்தனத்துக்குப் பெண்களின் மானத்தைப் பணயமாக்கும் பழக்கம் அது. வேலு நாச்சியார் என்னும் பெண் படைநடத்தி மீட்ட மண்ணிலிருந்து, 21 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த அழைப்பில், மீசையுள்ளோரே அழைக்கப்படுகின்றனர். பெண்களோ சாபத்தில் மட்டும் இடம்பெறுகின்றனர். வாசிப்போர் இதனையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

5. அழைக்கப்பட்டோரும் பெயர்பெறாதோரும்

இனி அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். பிரகடனம் சாதியார் அனைவரையும் விளித்தே தொடங்குகிறது. ஆனால் பெயர் சொல்லி எண்ணும்போது நான்கு வருணத்தாரும் முஸ்லிம்களும் மட்டுமே எண்ணப்படுகின்றனர். வருணங்களுக்கு வெளியே தள்ளப்பட்டு நிலத்தை உழுதவர் பெயர் அதில் இல்லை. கிறிஸ்தவர் பெயரும் இல்லை. ஏழை எளியவர் பிழைப்புப் பெறுவர் என்ற வாக்குறுதியில் அவர்கள் அடங்கலாம். ஆனால் வாக்குறுதியைப் பெறுவோராக அடங்குவது வேறு, அதை ஆக்குவோராக அழைக்கப்படுவது வேறு.

இது சின்ன மருதுவின் குறை மட்டுமன்று. வாலாஜாபாத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. மக்களாட்சியின் தொட்டில் என்று அவற்றைப் பாராட்டுகிறோம். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்னும் விதி இன்றைய சபைக் குழுக்களுக்கும் பாடமாகும். ஆனால் குடவோலையில் பெயர் இடம்பெறுவதற்குக் கால்வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் வேண்டுமென்று அதே கல்வெட்டு விதிக்கிறது. நிலமில்லாத உழவனுக்கு அங்கும் இடமில்லை. 10ஆம் நூற்றாண்டின் கல்லும் 19ஆம் நூற்றாண்டின் காகிதமும் தத்தம் காலத்தை மீறி எட்டிப் பார்த்தன. ஓர் எல்லையில் இரண்டும் நின்றுவிட்டன.

எனவே அம்மாணவருக்கு நான் கூறவேண்டிய விடை இதுவே: “தம்பி, உன் பாட்டனின் பெயர் அதில் இல்லை. இல்லை என்று நீ சொல்வது சின்ன மருதுவை அவமதிப்பதாகாது. அவர் தொடங்கிய வாக்கியத்தை முடித்துவைப்பதாகும்.” சிவகங்கை மாணவருக்கும் ஒரு சொல் உண்டு. எல்லாச் சாதியாரையும் கூட்டிச் சேர்க்க எழுதப்பட்ட காகிதத்தை இன்று ஒரு சாதியின் பெருமைப் பத்திரமாக மாற்றுவோர், அதனைச் சுவரிலிருந்து கிழிப்பவர்களே.

6. வென்றவரின் பிரகடனம்

ஒரு தரப்பின் அறிக்கையை நிதானிக்கும்போது எதிர்த்தரப்பின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்தல் வேண்டும். 1801 ஜூலை 15ஆம் நாள் உம்தத்-உல்-உமரா மறைந்தார். அவருக்குப் பின் பட்டத்துக்குரியவர் கும்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். ஏற்ற வேறொருவரை நவாபாக்கி, ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் கருநாடகத்தின் ஆட்சியனைத்தையும் கும்பெனி பெற்றுக்கொண்டது. நவாபு வஞ்சிக்கப்பட்டார் என்று பிரகடனம் கூறியது ஆறே வாரங்களில் மெய்யாயிற்று.

அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமி உள்ளிட்ட 70க்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1801 டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆயுதங்கள் பறிக்கப்படும்; அடங்கியிருப்போருக்குப் பாதுகாப்பும் நிலையான வரித்திட்டமும் உண்டு என்பது அதன் சாரம். அதில் வசைமொழி இல்லை, சாபம் இல்லை. நடையில் அமைதியும் ஒழுங்கும் உண்டு. ஆனால் அந்த அமைதியான நடைக்குப் பின்னால் தூக்குமரங்கள் நின்றன. நடையின் நயத்தைக் கொண்டு நீதியை அளப்பவன் ஏமாந்துபோவான்.

வென்றவர் தரப்பிலும் மனச்சான்று முற்றும் அடங்கிவிடவில்லை. அப்போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்சு என்னும் படைத்தலைவர், சின்ன மருதுவைத் தாம் முன்பே அறிந்திருந்ததையும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடம் கற்றதையும் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஆண்டுகள் சென்றபின் பினாங்கில் துரைச்சாமியைத் தளர்ந்த நிலையில் கண்டு வருந்தியதையும் அதில் பதிவுசெய்தார். பகைவனின் முகத்தை அறிந்தவனுக்கு எளிய தீர்ப்புகள் கைகூடுவதில்லை.

7. திருச்சபை எங்கே நின்றது?

இதுவரை மற்றவரை ஆராய்ந்தோம்; இனி நம்மை ஆராய்வோம். பிரகடனம் ஒட்டப்பட்ட திருச்சிக் கோட்டையில், 1766இல் சுவார்ட்சு ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருந்தது. கும்பெனிப் படையினருக்கும் அவர் குருவாகப் பணியாற்றினார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் முதற் பதிவேட்டில் எழுதப்பட்ட 40 பேரும் கோட்டைப் படையின் நிழலில் கூடிய மக்களே. ஆகவே பிரகடனம் விளித்த சிப்பாய்களுள் நம் சபையாரும் இருந்திருக்கக்கூடும். அவர்கள் அதைக் கேட்டபோது என்ன எண்ணினர்? கைக்கூலி வாங்கிப் பிழைத்த ஏழைக்கு, இந்தச் சேவகம் செய்தால் மோட்சமில்லை என்ற சொல் எவ்வளவு சுமையாயிருந்திருக்கும்!

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே 1799இல், துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு அடைக்கலமாக முதலூர் உருவாயிற்று. பாளையப் போர்கள் முடிந்தபின் அமைதியும், அந்த அமைதியில் சபைகளின் பெருக்கமும் வந்தன. திருநெல்வேலியின் வரலாற்றை 1881இல் எழுதிய கால்டுவெல் அத்தியட்சர், பாளையக்காரர் காலத்தைச் சீர்குலைவின் காலமாகவும், கும்பெனி ஆட்சியை ஒழுங்கு தந்த ஆட்சியாகவும் கண்டார். நம்முள் பலர் அந்தக் கண்ணாடியையே அணிந்து வளர்ந்தோம். நானும் என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், 1801இன் முடிவைத் தேவ சித்தம் என்று ஒரு பிரசங்கத்தில் துணிந்து கூறினேன். சபையில் யாரும் மறுக்கவில்லை. மறுக்காததே என்னை இன்று உறுத்துகிறது. முதலூரின் ஏழைகளுக்குக் கிடைத்த அடைக்கலம் கர்த்தரின் இரக்கம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் திருப்பத்தூரின் தூக்குமரத்தை அந்த இரக்கத்தின் கருவி என்று சொல்லத் துணியேன். அர்தசஷ்டாவின் கட்டளையை எஸ்றா நன்றியோடு ஏற்றார்; அதனால் பாரசீகம் தேவராச்சியம் ஆகிவிடவில்லை.

8. நிதானிக்கும் முறை

எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார். அரசியல் அறிக்கைகளுக்கும் அது பொருந்தும். முழுதாக ஏற்பதும் முழுதாக எரிப்பதும் சோதித்தல் ஆகா. எரேமியாவின் சுருளைத் துண்டு துண்டாக அறுத்து எரித்த யோயாக்கீம் அதனை நிதானித்தவன் அல்லன்.

சின்ன மருதுவின் குற்றச்சாட்டு உண்மை என ஏற்போம். நம் பிரிவினையே நம் வீழ்ச்சி என்ற அவருடைய அறிக்கையைச் சாதிப் பிளவுற்ற திருச்சபை முழந்தாளில் நின்று வாசிக்கட்டும். பரம்பரை அரசுகளை மீட்கும் அவர் திட்டம் அவர் காலத்தோடு முடிந்தது என்போம். கண்ட இடத்தில் கொல் என்ற கட்டளையை, அது யார் வாயிலிருந்து வந்தாலும், சிலுவையின் அடியில் நிற்கும் நாம் மறுப்போம். அதே வாயால் திருப்பத்தூரில் நடந்ததையும் மறுப்போம். ஒன்றை மறுத்து மற்றொன்றுக்கு மௌனம் சாதிக்கிறவனுக்குத் தீர்ப்பிடும் தகுதி இல்லை.

வாலாஜாபாத்தில் பேருந்தின் முகப்பில் ஊர்ப்பெயரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் காகிதம் நினைவுக்கு வருகிறது. நாட்டை இழந்த நவாபின் பெயர் ஊருக்கு நிலைத்தது. நாட்டை மீட்க எழுந்தவரின் சொல், பகைவரின் மொழியில் தங்கி, நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. வந்த சொல்லை அடுத்த முறை வகுப்பில் வாசிக்கும்போது, பெயர் இல்லாதவனின் பேரனைத்தான் முதலில் பேச அழைப்பேன்.